குப்பையில் கலை செய்ய எந்தக் குப்பையை எடுப்பது?

ஜூன் 5 சுற்றுச்சூழல் தினம். செப்டம்பர் மூன்றாவது சனிக்கிழமை கடற்கரைத் தூய்மை நாள். இந்த இரண்டுக்கும் ஒரு மாதம் முன்னாலேயே எனக்குப் போன் வர ஆரம்பித்துவிடும். ஓவிய ஆசிரியர், கல்லூரி என்.எஸ்.எஸ். பொறுப்பாளர், குடியிருப்பில் கோடை வகுப்பு நடத்துபவர் என்று யாராவது ஒருவர் கேட்பார். "பாட்டில்ல மீன் பண்ணலாமா, மூடியை வெச்சு சுவர்ல படம் பண்ணலாமா, இல்ல வலையில ஆமை பண்ணலாமா? எது நல்லா இருக்கும்?"

பார்க்க எல்லாமே நன்றாகத்தான் இருக்கும். நான் முதன்முதலில் செய்த மீனும் நன்றாகத்தான் இருந்தது. ஒரு பள்ளி வளாகத்தில் ஏழடி நீளத்துக்குக் கோழிவலையில் கூண்டு கட்டினோம். பிள்ளைகளிடம் ஆளுக்கு ஐந்து பாட்டில் கொண்டுவரச் சொன்னோம். வந்ததில் பாதி புத்தம் புதுசு. ஒரு சின்னப் பெண் சொன்னாள், "அம்மா கடையில ஒரு கேஸ் வாங்கி, தண்ணியை எல்லாம் செடிக்கு ஊத்திட்டாங்க." அன்றைக்கே நான் யோசித்திருக்க வேண்டும். நீல நிற ஸ்பிரே அடித்து, கண் வைத்து, விழாவை முடித்தோம்.

நவம்பர் மழைக்குப் பிறகு அந்தப் பக்கம் போனேன். வாலில் சாய்ந்திருந்த ஒரு பாட்டிலைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், அடியில் இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர். அதில் தலைகீழாகத் தொங்கி நெளிகிற கொசுப்புழுக்கள். டெங்குவைப் பரப்பும் கொசு இப்படித் தேங்கிய நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். ஒரு வாரம், பத்து நாளில் பறந்துவிடும். பக்கத்து வகுப்பறையில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். உடனே பிரித்தோம். காயலான் கடைக்காரர் வந்தார். ஒரு பாட்டிலை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, "பெயின்ட் அடிச்சதை எடுக்க மாட்டாங்க" என்றார். மாசைப் பற்றிப் பேசச் செய்த மீன் முழுவதும் குப்பைமேட்டுக்குப் போனது. செய்யாமல் விட்டிருந்தால் அந்தப் பாட்டில்கள் நூலாகி, துணியாகியிருக்கும்.

அதிலிருந்து, என்ன உருவம் என்று யாராவது கேட்டால், எந்தக் குப்பை என்று நான் திருப்பிக் கேட்கிறேன்.

## எதை வைத்து முடிவு செய்வது

முதல் கேள்வி, அந்தக் குப்பையைக் காயலான் கடையில் வாங்குகிறார்களா என்பது. வாங்கினால் அதற்கு ஏற்கெனவே ஒரு வழி இருக்கிறது. அதை நம்பி ஒருவர் தெருத்தெருவாகப் பொறுக்கிக்கொண்டிருக்கிறார். அதை நாம் எடுத்துப் பசை தடவினால் அவருடைய கூலியும் போகிறது, பொருளும் வீணாகிறது. யாரும் வாங்காத குப்பைதான் நமக்கு வேண்டியது.

இரண்டாவது, பொருளுக்கும் சொல்ல வரும் சேதிக்கும் உண்மையான தொடர்பு இருக்கிறதா. பாட்டிலால் ஆமை செய்தால், ஆமை பாட்டிலால்தான் சாகிறது என்று பார்ப்பவர் நினைப்பார். அது சரியா என்று செய்கிறவர்தான் யோசித்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, அதைத் தொடப்போகும் கை யாருடையது. பத்து வயதுப் பிள்ளையின் கையா, வெல்டிங் தெரிந்தவரின் கையா?

நான்காவது வெயில். நம் ஊர் வெயிலில் கிடந்த பிளாஸ்டிக் வாளியின் விளிம்பைப் பிடித்துத் தூக்கினால் கையோடு உடைந்து வரும், பார்த்திருப்பீர்கள். கலைப்பொருளுக்கும் அதே கதிதான். உதிரும் தூள் மண்ணிலும் மழைநீர்க் கால்வாயிலும் சேரும். அதைத் திரும்பப் பொறுக்க முடியாது.

ஐந்தாவது, விழா முடிந்த மறுநாள் அது எங்கே போகும். இதற்குப் பதில் இல்லாமல் ஒரு கம்பியைக்கூட வளைக்காதீர்கள் என்பேன்.

செலவை நான் கடைசியில்தான் பார்ப்பேன். குப்பை இலவசம் என்று நினைப்போம், ஆனால் கூண்டுக் கம்பி, கட்டுக்கம்பி, கையுறை, ஏற்றி இறக்கும் வண்டி என்று எல்லாவற்றுக்கும் காசு வேண்டும். அதிலும் வண்டி வாடகைதான் பலரைக் கவிழ்த்துவிடும். ஏழடி மீன் ஆட்டோவில் ஏறாது.

## பாட்டில் மீன்

எல்லோரும் முதலில் நினைப்பது இதைத்தான். சீக்கிரம் பெரிதாக வளரும், தூரத்திலிருந்தே தெரியும். தினமும் கையில் பிடிக்கிற பொருள் என்பதால் பார்ப்பவருக்கு விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் தண்ணீர் பாட்டில் காயலான் கடையில் விலை போகிற பொருள். ஒரு லிட்டர் பாட்டில் ஒன்று சுமார் 20 கிராம்தான் இருக்கும். ஆயிரம் பாட்டில் அடுக்கினால் மலைபோலத் தெரியும், எடை 20 கிலோ. குப்பையின் அளவைக் கண்ணுக்குக் காட்ட இது உதவும். அதற்காகவே செய்வதாக இருந்தால் ஒரு வழி உண்டு. உங்கள் தெருக் காயலான் கடைக்காரரிடமே பாட்டில்களை ஒரு வாரம் வாடகைக்குக் கேளுங்கள். ஒட்டாமல், வண்ணம் அடிக்காமல், கழுத்தில் சணல் கட்டித் தொங்கவிடுங்கள். மூடியை இறுக்கி மூடுங்கள், தண்ணீர் புகாது. வாரம் முடிந்ததும் எடை போட்டுத் திருப்பிக் கொடுங்கள். ஒரு கல்லூரியில் இப்படிச் செய்தோம். திருப்பிக் கொடுக்கிற நாளில் கடைக்காரரையே மேடையில் ஏற்றி, எந்தப் பாட்டில் எங்கே போகிறது என்று பேசச் சொன்னோம். மீனைவிட அவர் பேச்சைத்தான் மாணவர்கள் கவனித்துக் கேட்டார்கள்.

ஒரு வாரக் கண்காட்சி, கூரையுள்ள இடம், பெரிய உருவம் கட்டாயம் வேண்டும் என்றால் இதை எடுக்கலாம். திறந்தவெளியில் நிரந்தரமாக வைக்க வேண்டும் என்றால் வேண்டாம்.

## மூடிச் சுவர்

வண்ண வண்ண மூடிகளை அடுக்கிக் கோலம்போல ஒரு படம். சின்னப் பிள்ளைகள் உட்கார்ந்த இடத்தில் செய்யலாம், வெட்டுக்காயம் பயமில்லை. இதன் பலம் அவ்வளவுதான்.

மூடிகள் பாட்டிலிலிருந்து வேறான வகைப் பிளாஸ்டிக். அதில் சாதாரணப் பசை எதுவும் சரியாகப் பிடிக்காது. க்ளூ கன் வைத்து ஒட்டினால் மேற்குப் பார்த்த சுவரில் சித்திரை வெயிலுக்கு இளகி, தினம் நாலைந்து உதிரும். உதிர்ந்த மூடியைக் காகமோ நாயோ தூக்கிக்கொண்டு போகும். திருகாணி வைத்துப் பலகையில் முடுக்கினால் நிற்கும். ஆனால் ஆயிரம் மூடி, ஆயிரம் திருகாணி, ஆயிரம் துளை. அந்த வேலையைப் பிள்ளைகள் செய்ய முடியாது, பெரியவர் ஒருவர் நாலு நாள் உட்கார வேண்டும்.

நூறு மூடி கொண்டு வா என்று சொன்னால் பிள்ளைகள் குளிர்பானம் வாங்கத்தான் செய்வார்கள். கல்யாண மண்டபத்தில் சொல்லிவைத்துச் சேகரியுங்கள், இரண்டு முகூர்த்தத்தில் சாக்கு நிறைந்துவிடும். உள்சுவர், தாழ்வாரம், சின்ன வகுப்பு என்றால் மட்டும் இதைத் தேர்ந்தெடுக்கலாம்.

## கவர்க் குப்பையும் பசுமாடும்

கடலோரத்தில் இல்லாத ஊர்க்காரர்களுக்கு நான் மனதாரச் சொல்வது இதைத்தான்.

2019 அக்டோபரில் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் ஒரு பசுவுக்கு அறுவை சிகிச்சை செய்தார்கள். வயிற்றிலிருந்து எடுத்த பிளாஸ்டிக் 52 கிலோ. மருத்துவர்கள் ஐந்து மணி நேரத்துக்கும் மேலாக நின்று எடுத்தார்கள். தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தது அதே ஆண்டு ஜனவரி 1. தடைக்கு முன்னால் பல காலமாகத் தின்றதும் அந்த வயிற்றில்தான் கிடந்திருக்கும். சாப்பாட்டு மிச்சத்தைக் கவரில் கட்டி முடிச்சுப் போட்டு வீசுகிறோம். மாட்டுக்கு முடிச்சை அவிழ்க்கத் தெரியாது, கவரோடு விழுங்குகிறது. வயிற்றின் முதல் அறையிலேயே அது தங்கிவிடும். மாடு நிறைந்த வயிற்றோடு பட்டினி கிடந்து மெலியும்.

இதை ஒரு கலைப்பொருளாகச் சொல்லக் கடல் வேண்டாம், திமிங்கிலம் வேண்டாம். எந்தத் தெருவிலும் மாடு இருக்கிறது. பொய்க்கால் குதிரைக்குக் கூடு கட்டுகிறவர்களின் கைமுறையில் மூங்கில் பிளாச்சில் ஒரு மாடு கட்டுங்கள், பழைய சாக்குத்துணியைப் போர்த்துங்கள். வயிற்றின் ஒரு பக்கத்தைத் திறந்து விடுங்கள். உள்ளே ஊர்க் கவர்க் குப்பை. பக்கத்தில் ஒரு தராசு. ஊரில் பொறுக்கிய கவர்களை மக்கள் முன்னாலேயே எடைபோட்டு உள்ளே திணியுங்கள். 52 கிலோவை எட்ட முடியாது, எங்களால் முடிந்ததே இல்லை. முள் 11 கிலோவில் நிற்கும்போதே மாட்டின் வயிறு கொள்ளாது. அதைப் பார்க்கிற ஆட்கள் சத்தமில்லாமல் நிற்பார்கள்.

எந்தக் கவர் என்பதில் கவனம் வேண்டும். பால் கவரைக் காயலான் கடையில் எடுப்பார்கள், அதை விட்டுவிடுங்கள். சிப்ஸ் பாக்கெட், பிஸ்கட் கவர், ஷாம்பு சாஷே, சோறு ஒட்டிய மெல்லிய கேரி பேக், இவற்றை யாரும் வாங்க மாட்டார்கள். பளபளக்கிற சிப்ஸ் பாக்கெட்டில் பிளாஸ்டிக்கும் அலுமினியப் பூச்சும் ஒட்டிக் கிடக்கும், பிரிக்கக் கட்டுப்படியாகாது. எனவே இவற்றை எடுப்பதால் யார் பிழைப்பும் கெடாது.

மறைந்திருக்கும் செலவு, கழுவுவது. ஒரு சாக்குக் கவரைக் கழுவிக் காயவைக்க ஒரு முழு நாளும் நிறையத் தண்ணீரும் வேண்டும். கழுவாமல் விட்டால் மூன்றாம் நாள் வாடை ஆளைத் துரத்தும். தெருவில் பொறுக்கியதைப் பிள்ளைகள் கையில் கொடுக்கக் கூடாது. உள்ளே ஊசி, பிளேடு, நாப்கின் எதுவும் இருக்கலாம். பிள்ளைகளுக்குத் தங்கள் வீட்டுச் சிப்ஸ் பாக்கெட் போதும். அதை நீளவாக்கில் மடித்து, ஒயர் கூடை பின்னுகிற மாதிரி பின்னி மாட்டுக்குக் கழுத்துப் பட்டை செய்யலாம். கூடை பின்னத் தெரிந்த பாட்டிமார் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள், கூப்பிட்டால் ஆசையாக வருவார்கள்.

முடிந்த பிறகு சாக்குத்துணியும் மூங்கிலும் அடுத்த வருஷத்துக்கு. கவர்களைத் தனியாகக் கட்டி நகராட்சியிடம் கொடுத்தால், சிமெண்ட் ஆலைகளுக்கு எரிபொருளாக அனுப்பும் ஏற்பாடு பல இடங்களில் இருக்கிறது. உங்கள் ஊரில் உண்டா என்று தூய்மை ஆய்வாளரிடம் முன்கூட்டியே கேளுங்கள். தெருவில் போட்டுக் கொளுத்த மட்டும் விடாதீர்கள்.

## மீன் வலை ஆமை

கடலோர ஊர்களுக்கு இதுதான் சரி. அதற்கு வலுவான காரணம் இருக்கிறது.

2025 ஜனவரியில் சென்னையை ஒட்டிய கரைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. அப்போது பலரும் பிளாஸ்டிக்கைத் தின்று செத்தன என்றே பேசிக்கொண்டார்கள். ஆமை நுரையீரலால் மூச்சுவிடுகிற உயிர். மேலே வந்து காற்றெடுத்தால்தான் பிழைக்கும். படகு இழுத்துப்போகும் இழுவைமடி வலைக்குள் மாட்டிக்கொண்டால் மேலே வர முடியாது, தண்ணீருக்குள்ளேயே மூச்சுமுட்டிச் சாகும். ஆனால் அந்தச் சாவுகளை ஆராய்ந்தவர்களின் விரல் நீண்டது வலைகள் பக்கம்தான். ஆகவே அந்த ஆமைக்காகப் பேசப் பாட்டிலை எடுத்தால் சேதி தவறாகிவிடும். வலையை எடுத்தால், கையில் இருப்பதே சாட்சி.

அதே சமயம் இதில் மீனவர்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தக் கூடாது. கடலில் அறுந்துபோன வலை அவர்களுக்கு நஷ்டம். கைவிட்ட வலையில் மாட்டிச் சாகும் மீன் அவர்களுடைய மீன். ஒரு பெரியவர் எங்களிடம் சொன்னார், "ஆமை மடியில ஏறினா வலையை அறுத்துத்தான் எடுக்கணும்பா. எங்களுக்கும் அது வேண்டாத விருந்தாளிதான்." அவரையும் கூட உட்காரவைத்து முடிச்சுப் போடச் சொன்னால், அந்த ஆமையைப் பற்றிப் பேச அவரைவிடத் தகுதியானவர் கிடைக்க மாட்டார்.

வலை கிடைக்க நல்ல நேரம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடையுள்ள 61 நாட்கள் அவை. வலை பழுது பார்க்கிற காலம், கழித்துப்போட்ட துண்டுகள் துறைமுகத்தில் குவிந்து கிடக்கும். சுற்றுச்சூழல் தினமும் அதற்குள்ளேதான் வருகிறது. விலைபோகிற வலையும் உண்டு, எனவே எதை எடுக்கலாம் என்று படகுக்காரரிடமே கேளுங்கள். பாறையில் சிக்கிய வலையை நீங்களாகப் போய் இழுக்காதீர்கள், கடலுக்குள் அது ஆளையும் சுருட்டும்.

எடுத்து வந்ததும் உடனே வேலை தொடங்க முடியாது. ஓரத்தில் கோத்திருக்கும் ஈயக்குண்டுகளை முதலில் அறுத்தெடுங்கள், பிள்ளைகள் ஈயத்தைத் தொடக் கூடாது. கயிற்றில் கொட்டலசு என்கிற ஓடுள்ள சின்னக் கடலுயிர் கூராக ஒட்டியிருக்கும், கையுறை இல்லாமல் தொட்டால் தோல் கிழியும். நல்ல தண்ணீரில் இரண்டு நாள் ஊறப்போட்டு, வெயிலில் உலர்த்தினாலும் மீன் வாடை முழுசாகப் போகாது. அது இருக்கட்டும் என்றே நான் விட்டுவிடுவேன். கண்ணாடிபோல் மெல்லிசான தங்கூசி வலையைப் பிள்ளைகளிடம் கொடுத்து, "கண்ணை மூடிக்கிட்டு விரலை விட்டு வெளியே எடு" என்று சொல்லிப் பாருங்கள். சிக்கிய விரலை இழுக்க இழுக்க இறுகும். அந்த ஒரு நிமிஷத்தில் அவர்களுக்குப் புரிவதை நான் எந்தப் படத்தைக் காட்டியும் புரியவைத்ததில்லை.

ஆமையைக் கடற்கரையில் வைத்தால் சாயந்திரமே திரும்ப எடுத்துவிடுங்கள். இரவில் அலை இழுத்துக்கொண்டு போனால் நாம் செய்ததே உண்மையான வலைக்கண்ணியாகிவிடும். முட்டையிடும் காலத்திலும் குஞ்சு பொரிக்கும் காலத்திலும், அதாவது ஜனவரியிலிருந்து கோடை வரை, விளக்குப் போட்டுக் காட்டவே கூடாது. குஞ்சுகள் வெளிச்சத்தைப் பார்த்துத் திசை மாறிவிடும்.

கடற்கரையில் சில நாள் மட்டும் வைத்து எடுக்கிற கலைக்கு நல்ல உதாரணம், 2017 மே மாதம் பிலிப்பைன்ஸின் நாயிக் கடற்கரையில் கிரீன்பீஸ் என்ற சுற்றுச்சூழல் அமைப்பு வைத்த செத்த திமிங்கிலம். பிளாஸ்டிக் குப்பையில் செய்த அந்த 50 அடி உடல் பார்க்க நிஜம் போலவே இருந்தது. இரண்டு வருஷம் கழித்து, 2019 மார்ச்சில், அதே நாட்டில் வேறொரு கரையில் நிஜமாகவே ஒரு திமிங்கிலம் ஒதுங்கியது. அதன் வயிற்றில் இருந்த பிளாஸ்டிக் 40 கிலோ.

## நிரந்தரமாக வேண்டும் என்றால்: உடைந்த டைல்ஸ், பழைய இரும்பு

பூங்காவில் பத்து வருஷம் நிற்க வேண்டும் என்று கேட்பவர்களிடம் பிளாஸ்டிக்கை விட்டுவிடச் சொல்வேன். சாலை ஆய்வாளராக இருந்த நேக் சந்த், 1957 வாக்கில் சண்டிகரில் யாருக்கும் தெரியாமல் ஆரம்பித்த பாறைத் தோட்டம் இன்றும் நிற்கிறது. அவர் எடுத்தது உடைந்த பீங்கான், வளையல் துண்டு, கல். வெயிலும் மழையும் அவற்றை ஒன்றும் செய்யாது. நம் ஊரிலும் கட்டட இடிபாட்டை ஏரிக்கரையில் கொட்டுகிறார்கள். அந்த டைல்ஸ் துண்டை வைத்தே அந்த ஏரியின் பழைய கரையைச் சுவரில் வரையலாம். பொருளும் கதையும் பொருந்திப்போகும். கொத்தனார் கூலி ஆகும், விளிம்புகள் கையைக் கிழிக்கும், அவ்வளவுதான்.

இரும்பு வேறு கணக்கு. தில்லியில் 2019இல் திறந்த கழிவுப்பொருள் பூங்காவில் ஏழு உலக அதிசயங்களைச் சுமார் 150 டன் பழைய இரும்பில் செய்து வைத்திருக்கிறார்கள். வேலைப்பாடு அபாரம். ஆனால் இரும்பை எங்கும் வாங்குவார்கள், அது ஊரைக் கெடுக்கும் குப்பை இல்லை. அங்கே உள்ள இரும்பு ஈபிள் கோபுரத்தின் முன் நிற்பவருக்கு மாசு நினைவுக்கு வருமா என்பது எனக்குச் சந்தேகம். நகராட்சிக்குப் பணமும் நல்ல வெல்டிங் பட்டறையும் இருந்தால் செய்யட்டும். பள்ளிக்கூடத்துக்கு இது வேண்டாம்.

ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை என்றால் காகிதக் கூழ். புதுச்சேரி திருக்கனூரில் அந்தக் கலை புவிசார் குறியீடு பெற்று வாழ்கிறது. மழையில் கரைந்தாலும் மண்ணுக்குக் கெடுதலில்லை. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பிள்ளையாருக்குப் பக்கத்தில் ஒரு காகிதப் பிள்ளையாரை வைத்து, இரண்டையும் வாளித் தண்ணீரில் போட்டு ஒரு வாரம் பார்க்கச் சொல்லுங்கள்.

## ஒரே பார்வையில்

| | காயலான் கடை வாங்குமா | வெயில், மழை | யார் செய்யலாம் | முடிந்த பிறகு |
|---|---|---|---|---|
| பாட்டில் மீன் | வாங்கும் | கூரைக்குள் மட்டும் | 10 வயதுக்கு மேல் | வண்ணம் அடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்கலாம் |
| மூடிச் சுவர் | வாங்கும் | உள்சுவர் மட்டும் | ஒட்டச் சின்னப் பிள்ளைகள், முடுக்கப் பெரியவர் | திருகாணி போட்டிருந்தால் கழற்றலாம் |
| கவர் மாடு | வாங்காது | சில நாள் தாங்கும் | பெரியவர் பொறுக்க, பிள்ளைகள் பின்ன | நகராட்சி வழியாக அனுப்பலாம் |
| வலை ஆமை | சில வலைகளை மட்டும் | சில வாரம் தாங்கும் | ஈயம் எடுத்தபின் 10 வயதுக்கு மேல் | துறைமுகத்திலேயே ஒப்படைக்கலாம் |
| டைல்ஸ் | வாங்காது | பல வருஷம் | கொத்தனாரோடு பெரிய பிள்ளைகள் | நிரந்தரம் |
| இரும்பு | வாங்கும் | வண்ணம் பூசினால் பல வருஷம் | பட்டறை ஆட்கள் | எப்போதும் விலை போகும் |
| காகிதக் கூழ் | பழைய தாளை வாங்கும் | மழையில் கரையும் | எல்லோரும் | மக்கிவிடும் |

## கடைசியாகப் பலகை

எதைத் தேர்ந்தெடுத்தாலும் பக்கத்தில் ஒரு பலகை வைப்பீர்கள். "பிளாஸ்டிக்கை ஒழிப்போம்" என்று எழுதினால் யாரும் நின்று படிக்க மாட்டார்கள். எந்தத் தெருவில் பொறுக்கியது, எந்தத் தேதி, எத்தனை பேர், எத்தனை மணி நேரம், எத்தனை கிலோ, இதை மட்டும் எழுதுங்கள். கீழே ஒரு வரி, கண்காட்சி முடிந்ததும் இது எங்கே போகும் என்று. எங்கள் மாட்டுக்குப் பக்கத்தில் வைத்த பலகையில் தெருப்பெயரைப் படித்துவிட்டு ஒரு மளிகைக் கடைக்காரர் வந்து, "அது நம்ம தெருவாச்சே, எந்த முனையில எடுத்தீங்க?" என்று கேட்டார். அவரோடு நடந்து போய் அந்த மூலையைக் காட்டினோம்.